பால் மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்டு எழுதுங்க

வீட்டுல பத்து இருபது மாடு வெச்சிருக்கிறவங்க பண்ணையை மாத்தணும்னு நினைச்ச உடனே கேக்குற முதல் கேள்வி, எந்தக் கம்பெனி பால் மெஷின் நல்லாருக்கும்ங்கிறதுதான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். இப்ப யாராச்சும் கேட்டா நான் சொல்றது, மெஷினை அப்புறம் பாக்கலாங்க, முதல்ல ஒரு நாப்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கி கட்டுத்தரையில மாட்டி வைங்க, ஒரு வாரம் யாரு என்ன வேலை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடிக்கிறாங்கன்னு எழுதுங்க. நீங்க, அப்பா, அம்மா, வேலைக்கு இருக்கிறவங்க, எல்லாரும்.

எங்க தோட்டம் ஈரோடு மாவட்டம் கோபி பக்கம். மொத்தம் 18 உருப்படி, அதுல எப்பவும் ஒரு 12 கறவையில இருக்கும், மீதி சினை மாடும் கிடேரியும். அம்மாவுக்கு ராத்திரியில ரெண்டு கையும் மரத்துப் போயிரும், காலையில டம்ளரைப் பிடிக்க முடியாம கீழ விட்டுருவாங்க, முப்பது வருசமா கையில கறந்த கை அது. அதைப் பாத்துட்டுத்தான் மெஷின் மெஷின்னு நான் நின்னேன். ஆனா நோட்டு எழுதிப் பாத்தப்ப வேற கணக்கு வந்துச்சு. கறவைக்கு ரெண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு மணி நேரம்னு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போகுது, சரி. ஆனா மாட்டுக்குப் போடுற தீவனத் தட்டு அறுத்து, சுமந்து, வெட்டிப் போடுறதுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல போகுது. மாட்டை அவுத்துத் தண்ணி காட்டிக் கட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம். சாணி அள்ள மூணு மணி நேரம். இத்தனையும் எழுதின அந்த நோட்டுல ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஏழு நாளும் ஒரு நிமிசம் கூட இல்ல, அது மாட்டைச் சும்மா நின்னு பாக்குற வேலை. பண்ணையில பணம் போறது பூராம் அங்கதான். பருவத்துக்கு வந்ததைக் கவனிக்காம விட்டது, மடி லேசா கல்லா இருக்கிறதைக் கவனிக்காம விட்டது, அசை போடாம ஓரமா நிக்கிறதைக் கவனிக்காம விட்டது. அதனால மெஷின் வாங்குறது ஆளைக் குறைக்கிறதுக்கு இல்லைங்க, மனுசனோட இடுப்பையும் கையையும் காப்பாத்தி, மிஞ்சுற நேரத்தை மாட்டைப் பாக்குறதுக்குக் குடுக்குறதுக்கு. இதை மனசுல வெச்சுட்டா எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே வேண்டாம்னு தானாத் தெரிஞ்சுரும்.

முதல்ல தண்ணி. இதுலதான் குறைஞ்ச செலவுல சீக்கிரம் பலன் தெரியும். பாலுல 87 சதவீதம் தண்ணிதான், ஒரு லிட்டர் பால் கறக்கிற மாட்டுக்கு மூணுல இருந்து அஞ்சு லிட்டர் தண்ணி வேணும், கறவை மாடு ஒண்ணு வெயில் காலத்துல 80, 100 லிட்டர் கூட குடிக்கும். நாம அவுத்துட்டுப் போயி தொட்டியில காட்டுறது மூணு தடவை, அதுவும் நமக்கு நேரம் கிடைக்கிறப்ப. மாடு தண்ணி கேக்குறது கறந்து முடிச்ச உடனேயும், தீவனம் தின்னு முடிச்ச உடனேயும், அப்புறம் ராத்திரியிலயும். ரெண்டு மாட்டுக்கு நடுவுல ஒண்ணுன்னு மிதவை வெச்ச தண்ணிக் கிண்ணம் மாட்டிட்டா அந்த ரெண்டு மணி நேரமும் மிச்சம், பாலும் கூடும். இதுல ரெண்டு விசயம் கவனிங்க. மேல் டேங்கை நிழல்ல வைங்க, சித்திரை வெயில்ல சுட்டுக் கெடக்குற தண்ணியை மாடு மோந்து பாத்துட்டு விட்டுரும். லைன் பைப்பைச் சின்னதாப் போட்டா எல்லா மாடும் ஒரே நேரத்துல குடிக்கிறப்ப கடைசிக் கிண்ணத்துக்குத் தண்ணி ஏறாது, நாங்க முதல்ல அப்படிப் போட்டு ஒரு மாசத்துல பிரிச்சு மாத்தினோம். கிண்ணத்தைத் தினமும் கழுவணும், மிதவை வெச்சாச்சுன்னு விட்டுட்டா பாசி பிடிச்சு நாத்தம் வந்துரும்.

இதோட சேத்து, இடம் இருந்தா பகல்ல மாட்டை அவுத்து விடுறதுக்கு ஒரு அடைப்பு போடுங்க. நிழல் மரம், ஒரு தண்ணித் தொட்டி, சுத்தி வேலி, அவ்வளவுதான். குளம்பு தேயும், காலு கெட்டிப்படும், பருவத்துக்கு வந்த மாடு இன்னொரு மாட்டு மேல தாவுறது கண்ணுக்குத் தெரியும், சாணியும் ஒரே இடத்துல சேராது. இதுக்குக் கரண்டு வேண்டாம், ஆனா இதுவும் நவீனப் பண்ணைதாங்க.

அடுத்தது மேவு, அதாவது பசுந்தீவனம். கோ 4, கோ 5 மாதிரி கம்பு நேப்பியர் தீவனப் புல்லு போட்டவங்களுக்குத் தெரியும், முதல் அறுப்பு 75, 80 நாள், அதுக்கப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா. தோட்டத்தை பாத்தி பாத்தியாப் பிரிச்சு தினம் ஒரு பாத்தின்னு அறுத்தா முத்திப் போகாது. முத்துன தட்டை முழுசாப் போட்டா மாடு இலையை மட்டும் உருவித் தின்னுட்டு தண்டை மிதிச்சு விட்டுரும், அந்தத் தண்டு பூராம் நாம தண்ணி கட்டி வளத்தது. வெட்டுற மெஷின்ல ஒண்ணு ஒண்ணரை இஞ்சுக்கு நறுக்கிப் போட்டா மிச்சம் வைக்காது. அறுக்குறதுக்கு முதுகுல மாட்டுற பிரஷ் கட்டர், கொண்டு வர்றதுக்கு ஒரு தள்ளுவண்டி, வெட்டுறதுக்கு மோட்டார் மெஷின், இந்த மூணும் சேந்துதான் எங்களுக்கு அஞ்சு மணி நேரத்தை ரெண்டாக் குறைச்சுச்சு. தலையில சுமந்துட்டு வந்து மெஷின்ல வெட்டுறதுல பாதிக் கஷ்டம் அப்படியேதான் இருக்கும்.

வெட்டுற மெஷினைப் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். எங்க ஊருலயே விரல் போனவங்க இருக்காங்க. வாய் நீளமா இருக்கிற, தட்டு சிக்கினா பின்னாடி தள்ளுற லீவர் இருக்கிற மெஷினா வாங்குங்க, பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மூடி இல்லாம ஓட்டாதீங்க, மூடியைக் கழட்டி வெச்சா சீக்கிரம் ஓடும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. சுவிட்ச் கை எட்டுற தூரத்துல இருக்கணும். சேலைத் தலைப்பு, துண்டு, லுங்கி தொங்க விட்டுட்டு யாரும் கிட்ட நிக்கக் கூடாது, குழந்தைங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. ஓடுறப்ப சிக்குன தட்டைக் கையால இழுக்குறதுதான் விபத்துக்குக் காரணம், ஆஃப் பண்ணி சக்கரம் நின்னப்புறம்தான் கை வைக்கணும். இதை வேலைக்கு வர்ற முதல் நாளே சொல்லி, செஞ்சு காட்டி, அவங்களைச் செய்யச் சொல்லிப் பாக்கணும்.

இப்ப பால் மெஷினுக்கு வர்றேன். பத்து இருபது மாட்டுக்கு வாளி மாடல் போதும், ஒரு கிளஸ்டரா (நாலு காம்புலயும் மாட்டுற கப் செட்டு) ரெண்டு கிளஸ்டரான்னு கறவையில இருக்கிற மாட்டைப் பொறுத்து முடிவு பண்ணிக்கலாம். ஒரு மாடு கறக்க அஞ்சுல இருந்து ஏழு நிமிசம் ஆகும். கம்பெனியை விட முக்கியம், உங்க ஊருல இருந்து ஒரு மணி நேரத்துல வர்ற சர்வீஸ் ஆளு இருக்காரா, ரப்பர் சாமான் கடையில கிடைக்குதாங்கிறதுதான். எங்களுக்கு முதல்ல வித்தவரு மெஷினை இறக்கி வெச்சுட்டு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிட்டுப் போனாரு, வேக்குவம், அதாவது உறிஞ்சுற அழுத்தம், எவ்வளவு இருக்கணும்னு சொல்லவே இல்ல, ரெண்டு மாசத்துல மூணு மாட்டுக்கு காம்பு நுனி பூவு மாதிரி வெளிய பிதுங்கி நின்னுச்சு. வேக்குவம் கூடுதலா இருந்துச்சு, பால் தீந்தப்புறமும் கழட்டாம விட்டிருக்கோம். கேஜுல 40-க்கும் 50-க்கும் நடுவுல கிலோ பாஸ்கல், அதுல உங்க மெஷினுக்கு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கிற அளவு எதுவோ அதுல வைங்க, தினம் ஓட்டுறதுக்கு முன்னாடி முள்ளைப் பாருங்க. காம்பை அமுக்கி அமுக்கி விட வைக்கிற பல்சேட்டர் நிமிசத்துக்கு 60 தடவை அடிக்கணும். மெஷின் ஓடுறப்ப கப்புக்குள்ள இருக்கிற ரப்பர் லைனருக்குள்ள கட்டைவிரலை விட்டு, செல்போன்ல நேரம் வெச்சு எண்ணினா தெரிஞ்சுரும், இதுக்கு மெக்கானிக் வேண்டாம்.

மெஷின் பாலை உறிஞ்சி எடுக்குதுன்னு நினைக்கிறோம், அது பாதிதான். மாடு பாலை இறக்கி விட்டாத்தான் மெஷினுக்கே கிடைக்கும். மடியைத் தொட்டு, துடைச்சு, நாலு காம்புலயும் ரெண்டு மூணு பீச்சு பீச்சினா மூளையில இருந்து பாலை இறக்கி விடுற ஆக்சிடோசின்ங்கிற ஹார்மோன் சுரந்து ரத்தத்துல மடிக்கு வந்து சேர ஒரு நிமிசம் ஆகும், அதோட வேகம் ஒரு அஞ்சாறு நிமிசம்தான் நிக்கும். அதனால தொட்டதுல இருந்து ஒண்ணுல இருந்து ஒண்ணரை நிமிசத்துக்குள்ள கப்பை மாட்டிரணும். சீக்கிரம் மாட்டினா வெறும் காம்பை இழுக்கும், ரெண்டு மாட்டைத் துடைச்சு விட்டுட்டு போன் பேசிட்டு வந்து மாட்டினா பால் உள்ளயே நின்னுரும். அடிச்சாலோ கத்தினாலோ மாடு பயந்து பாலை ஏத்திக்கும், இது நம்ம பாட்டிங்களுக்கே தெரிஞ்ச விசயம், பேருதான் அட்ரினலின்னு இப்ப சொல்றாங்க.

முதல் பீச்சுப் பாலை தரையில விடாம கருப்பு ஓடோ கப்போ வெச்சுப் பிடிங்க, திரி திரியா இருந்தா அந்த மாட்டைக் கடைசியில தனியாக் கறங்க. ஒரு மாட்டுக்கு ஒரு துணி, ஒரே துணியை நனைச்சு நனைச்சு எல்லா மாட்டுக்கும் துடைக்கிறது மடிநோயைப் பங்கு போட்டுக் குடுக்குற மாதிரி. பால் வர்றது நின்ன உடனே வேக்குவத்தை ஆஃப் பண்ணிட்டுத்தான் கப்பைக் கழட்டணும், இழுத்துப் பிடுங்கக் கூடாது. கழட்டின உடனே அயோடின் கரைசல்ல நாலு காம்பையும் முக்குங்க. காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அது வரைக்கும் மாடு படுக்கக் கூடாது, அதனால கறந்து முடிச்ச உடனே முன்னாடி தீவனத்தைப் போடுங்க, தின்னுட்டு நிக்கும். நல்ல மாட்டை முதல்ல, மடிநோய் வந்து தெளிஞ்ச மாட்டை அப்புறம், சீக்கு மாட்டைக் கடைசியில, இந்த வரிசையை எவ்வளவு அவசரமா இருந்தாலும் மாத்தாதீங்க.

கழுவுறதுல எல்லாரும் பண்ற தப்பு எடுத்த உடனே கொதிக்கிற தண்ணியை ஊத்துறது. பாலோட புரதம் வெந்து உள்ள ஒட்டிக்கும். முதல்ல வெதுவெதுப்பான தண்ணி, வெள்ளை நிறம் போற வரைக்கும். அப்புறம்தான் சுடுதண்ணியில காரம் கலந்த கழுவுற பவுடர், வாரத்துக்கு ஒரு நாள் அமிலம், கடைசியில கவுத்து வெச்சுக் காய விடணும். லைனர் ரப்பருக்கு ஆயுசு சுமாரா 2500 கறவை, ஒரு கிளஸ்டருக்கு 10 மாடுன்னா ஒரு நாளைக்கு 20 கறவை, 125 நாள், அதாவது நாலு மாசம். பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள வெடிப்புல கிருமி உக்காந்திருக்கும். மாத்துன தேதியைச் செவுத்துல எழுதி வைங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நாலு குழி பேடில்ல மடிநோய் பாக்குற சிஎம்டி டெஸ்ட் போடுங்க, எந்தக் காம்புல பால் கூழ் மாதிரி ஆகுதோ அந்தக் காம்புல வெளிய தெரியாத மடிநோய் இருக்கு, டாக்டரைக் கூப்பிடுங்க. அவர் சொல்ற வைத்தியத்தோட சேத்து, சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடி பூராம் பூசுறதும் எங்க வீட்டுல பண்றோம், நல்ல குணம் தெரியுது.

மாட்டைப் பழக்குறதுக்கு ஒரு வாரம் எடுத்துக்கோங்க. மூணு நாள் மெஷினைச் சும்மா பக்கத்துல ஓட விட்டுட்டுக் கையில கறங்க, சத்தம் பழகட்டும், அப்புறம் மாட்டுங்க. பழைய ஈத்து மாடு ஒண்ணு ரெண்டு கடைசி வரைக்கும் ஒத்துக்காது, காம்பு அளவு சரியில்லாததும் இருக்கும், அதுகளைக் கையிலயே கறந்துருங்க. கரண்டு போனா ஓட்டுறதுக்கு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ மெஷின் வாங்குற அன்னைக்கே சேத்து வாங்கிருங்க.

ரோபோ கறவை பத்தியும் நெறைய பேரு வீடியோ பாத்துட்டு கேக்குறாங்க. 1992-ல நெதர்லாந்துல லெலி கம்பெனி முதல்ல கொண்டு வந்தது, ஒரு ரோபோ சுமாரா 60 மாட்டைப் பாத்துக்கும், ஆள் கூலி அங்க அவ்வளவு அதிகம். நம்ம 12 கறவைக்கு அது தேவையில்லாத கடன். கழுத்துல மாட்டுற சென்சார் பெல்ட் நல்ல பொருள்தான், மாடு எவ்வளவு நடக்குது, அசை போடுதுன்னு வெச்சு பருவத்தைச் சொல்லும், ஆனா 20 உருப்படி வரைக்கும் காலையில அஞ்சு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் இருபது நிமிசம் கட்டுத்தரையில சும்மா நின்னீங்கன்னா அதே விசயம் தெரிஞ்சுரும். பருவத்துக்கு வந்ததுக்கு அடையாளம், கண்ணாடி மாதிரி வழும்பு, கத்துறது, மத்த மாடு தாவுறப்ப அசையாம நிக்கிறது. காலையில பாத்தா சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் பாத்தா மறுநாள் காலையில. ஒரு பருவம் தப்புனா 21 நாள் சும்மா தீவனம் போடணும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம், காது தோட்டுல இருக்கிற 12 இலக்க நம்பரை மேல எழுதி, கன்னு போட்ட தேதி, ஊசி போட்ட தேதி, வத்தப் போட வேண்டிய தேதி, கோமாரி தடுப்பூசி தேதி. கன்னு போடுறதுக்கு 60 நாள் முன்னாடி கறவையை நிறுத்திரணும், சொசைட்டிக்குப் பால் குறையுதேன்னு இழுத்தடிச்சா அடுத்த ஈத்துல அதை விட அதிகமாப் போயிரும்.

இனி ஆளுங்க விசயம். மெஷினை விட இதுலதான் நான் அதிகம் கத்துக்கிட்டேன்.

எங்ககிட்ட ஜார்கண்ட்ல இருந்து வந்த புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு இருக்காங்க, கூட உள்ளூர் அக்கா ஒருத்தங்க அரை நாள் வருவாங்க. முன்னாடியெல்லாம் ஆறு மாசத்துக்கு ஒரு ஆளு ஓடிருவாங்க, நாங்க அவங்களைத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தோம். அந்த நோட்டுல பாத்தாத்தான் தெரியுது, காலையில மூணரை மணிக்கு எந்திரிச்ச மனுசன் ராத்திரி ஒன்பதுக்குப் படுக்குறாரு, வாரத்துல ஒரு நாள் கூட லீவு இல்ல, தங்குற ரூம் தீவன மூட்டைக்குப் பக்கத்துல, கக்கூஸ் கெடையாது. யாரா இருந்தாலும் போயிருவாங்க. மெஷின் வாங்குறதுக்கு ஒதுக்குன பணத்துல முதல்ல அவங்களுக்கு ஓடு போட்ட ரூம், கக்கூஸ், கேஸ் அடுப்பு, ஃபேன் செஞ்சு குடுத்தோம். மதியம் 11-ல இருந்து ரெண்டரை வரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாதுன்னு வெச்சோம். வாரத்துக்கு அரை நாள் லீவு, தீபாவளி கழிச்சு வர்ற சட் பூஜைக்கு ஊருக்குப் போயிட்டு வர லீவு, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மாத்து ஆளைப் பேசி வெச்சுக்கிறது. சம்பளம் ஒண்ணாம் தேதி அவரு பேங்க் கணக்குல. அட்வான்ஸைக் குடுத்து ஆளைக் கட்டிப் போடுறது எங்களுக்குப் பிடிக்கல, அது ஒரு குடும்பத்தைக் கடன்ல வெச்சு வேலை வாங்குறதுங்க, வேண்டாம். அவசரத்துக்குக் குடுத்தா நோட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மாசாமாசம் கொஞ்சமாக் கழிச்சுக்கிறோம்.

ஊக்கத்தொகை குடுக்கிறவங்க பால் லிட்டருக்குக் குடுக்காதீங்க. அப்படிக் குடுத்தா மெஷினைக் கழட்ட மனசு வராது, காம்பு கெடும், சில இடத்துல தண்ணி கலக்குறது, ஆக்சிடோசின் ஊசி போடுறது வரைக்கும் போயிருது. நாங்க குடுக்கிறது மாசத்துல புதுசா மடிநோய் வரலைன்னா ஒரு தொகை, பருவத்தைப் பாத்துச் சொன்ன மாடு மூணு மாசத்துல சினை உறுதியானா ஒரு தொகை, பொறந்த கன்னு மூணு மாசம் நல்லா வளந்தா ஒரு தொகை. கன்னு பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுத்தா அது நல்லா வளரும், ராத்திரி ரெண்டு மணிக்கு நம்மளை எழுப்பாமலே அந்த ஜார்கண்ட் அக்கா குடுத்துருவாங்க.

கறவை வரிசையை எழுத்துல ஒட்டினோம், பிரயோஜனம் இல்ல, அந்த ஜார்கண்ட்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேலையையும் அவரையே செய்யச் சொல்லி போட்டோ எடுத்து, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு லேமினேட் பண்ணி மாட்டினோம். மருந்து போட்ட மாட்டுக்குப் பின்னங்கால்ல சிவப்பு நாடா கட்டுறது, அந்தப் பாலு கேனுக்குப் போகக் கூடாதுன்னு அர்த்தம், இதுக்குப் பாசையே வேண்டாம். கன்னு ஈனுறப்ப, நஞ்சுக்கொடி எடுக்குறப்ப கையுறை இல்லாம யாரும் தொடக் கூடாது, மாட்டுக்குக் கரு கலைய வைக்கிற புரூசெல்லோசிஸ் நோய் மனுசனுக்கும் வரும். கம்பூட், கையுறை, டெட்டனஸ் (டிடி) ஊசி இதெல்லாம் நம்ம செலவுதான்.

கடைசியா வீட்டு ஆளுங்க. எங்கப்பா ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன், வேலை செய்யறவரு நடுவுல நின்னு முழிப்பாரு. இப்ப தீவனமும் தோட்டமும் அப்பா பொறுப்பு, கறவையும் மருந்தும் என் பொறுப்பு, அவரவர் விசயத்துல அவரவர் சொல்றதுதான், மாத்துக் கருத்து இருந்தா ராத்திரி சோறு திங்கிறப்ப பேசிக்கிறது, கட்டுத்தரையில பேசுறது இல்ல. அம்மாவுக்கும் மாசச் சம்பளம் போட்டோம், பண்ணைக் கணக்குல செலவா எழுதுறோம். அதை எழுதாம விட்டதனாலதான் இத்தனை வருசம் பண்ணை லாபத்துல ஓடுற மாதிரி தெரிஞ்சிருக்கு. முதல் சம்பளம் கையில வாங்கினப்ப அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

இப்ப அம்மா கறக்குறது மெஷினுக்கு ஒத்துக்காத அந்த ஒரே ஒரு கிழட்டு மாட்டை மட்டும்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோட போயி மாட்டைப் பாத்துட்டு வர்றது அவங்க வேலை, எதுனா சந்தேகமா இருந்தா என்னை எழுப்புவாங்க, நான் 1962-க்கு, அதாவது கால்நடை ஆம்புலன்ஸுக்கு போன் அடிக்கிறதா, காலையில வரைக்கும் பாக்கலாமான்னு அவங்க கிட்டயே கேப்பேன்.